மீன் இல்லாத தொட்டிக்கு ஒரு நுள்ளு

போன மாதம் செங்கலடியிலிருந்து ஒரு பிள்ளை தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் வேலை செய்து ஓய்வுபெற்ற மீன்வளர்ப்பு நிலையத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உத்தியோகத்தர். மரியாதையான பிள்ளைதான். ஆனால் இந்தக் காலத்துப் பிள்ளை, எதையும் பத்து வரிக்குள் கேட்கிறாள்.

“சேர், சின்னப் புள்ளயளுக்கு மீன்தொட்டி வாங்கிக் குடுக்கிற தாய் தகப்பனுக்கு ஒரு துண்டுப்பிரசுரம் அடிக்கப் போறம். உங்கட அனுபவத்தில ஒரு பத்து வரி எழுதித் தாங்க சேர்.”

“அதென்ன திடீரெண்டு?”

“காலையில கடையில தொட்டி வாங்கி, பின்னேரம் மீன் விட்டு, மூணு நாளில செத்த மீனோட இஞ்ச வாறாங்க சேர். புள்ளயள் அழுதுகொண்டு நிக்குதுகள். பாக்க ஏலாது.”

மூன்று நாள்! அந்த மீன் மூன்று நாள் உயிரோடு இருந்ததே பெரிய காரியம். “சரி, எழுதித் தாறன், வை” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

தொட்டியை வெயில் விழும் யன்னலோரம் வைக்காதீர்கள். சவர்க்காரம் போட்டுக் கழுவாதீர்கள். கிண்ணம் அளவு தொட்டியில் தங்கமீன் விடுவது கோழிக்கூட்டில் மாடு கட்டுகிற வேலை. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவுக்கு மேல் தீனி போடாதீர்கள். கிழமைக்கொருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள், முழுவதையும் மாற்றாதீர்கள். வளர்க்க முடியாது போனால் வாவியில் கொட்டாதீர்கள், நிலையத்துக்குக் கொண்டுவாருங்கள். எல்லாம் தன்பாட்டில் வந்தது. தண்ணீர் நிரப்பி எத்தனை நாள் கழித்து மீன் விடலாம் என்ற இடத்தில்தான் பேனை நின்றது.

அந்த எண் எனக்கு நித்திரையிலும் தெரியும். அதை ஒரு பிள்ளைக்குச் சொல்லப்போய்த்தான் அந்தப் பிள்ளையைத் தொலைத்தேன். இது துண்டுப்பிரசுரத்துக்கு ஆகிற கதை இல்லை. ஆனாலும் எங்கேயாவது ஒரு இடத்தில் எழுதிவைக்க வேண்டும்.

நான் பெரியகல்லாற்றுக்காரன், கிழக்குக் கடற்கரை ஊர். படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. தொட்டி கழுவுகிற வேலையாளாக நிலையத்தில் சேர்ந்தேன், பிறகு களப்பணியாளன் ஆனேன். முதல் பத்து வருசத்தில் சொல்ல ஒன்றுமில்லை. கழுவினேன், சுமந்தேன், ஏச்சு வாங்கினேன், ஏசவும் பழகினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், முன்கோபமும் உண்டு. ‘கணேசனிட்ட மீன் கேட்டுப் போனா, மீனுக்கு முன்னம் ஏச்சு வரும்’ என்று ஊரில் பேச்சிருந்தது. அது பொய்யில்லை.

றிஸ்வி சேர் பொறுப்பாளராக வந்தபோது எனக்கு அவரைப் பிடிக்கவேயில்லை. ஏறாவூர் ஆள். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர், பட்டதாரி. தண்ணீரில் கைவைக்குமுன் மணிக்கூட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுவார். முழங்கை வரை வெறும் தண்ணீரில் கழுவுவார். பிறகு தொட்டிக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு கால் மணித்தியாலம் சும்மா பார்த்தபடி இருப்பார். எனக்குப் பத்திக்கொண்டு வரும். நான் வாளியோடு நின்று கனைப்பேன்.

“ஆறுதலா கணேசண்ணன்” என்பார். “அவசரம் நமக்குத்தான். தண்ணிக்கில்ல.”

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் இரண்டு சட்டங்களை மட்டும் யார் வந்து கேட்டாலும் தளர்த்தமாட்டார்.

முதலாவது, பிள்ளைக்கென்று தொட்டி கேட்டு வருகிறவர்களுக்கு அன்றைக்கு மீன் கிடையாது. கழுவிய மணலும் கொஞ்சம் பாசியும் மட்டும் கொடுப்பார். மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகித் தண்ணீரில் நஞ்சாகும். அந்த நஞ்சைத் தின்று தீர்க்கிற கண்ணுக்குத் தெரியாத சீவன்கள் மணலில் வளர ஒரு மாதம் வேண்டும். அவற்றுக்கும் சாப்பாடு வேண்டுமே? அதற்காக வெறும் தொட்டிக்குள் ஒவ்வொரு நாளும் ஒரு நுள்ளு, விரல் நுனியால் கிள்ளுகிற அளவு, தீனி போட்டுவர வேண்டும். தண்ணீர் பழுக்கிறது என்று நாங்கள் சொல்வோம். முப்பது நாள் முழுதாகப் போய், முப்பத்தோராம் நாள் மீன். “மீன் இல்லாத தொட்டிக்கு எந்த விசரன் தீனி போடுவான்?” என்று தகப்பன்மார் சிரிப்பார்கள். “தண்ணிய வளக்க ஏலாத புள்ள மீன வளக்காது” என்பார் சேர். அவர் சிரிக்கமாட்டார்.

இரண்டாவது, மீன் சோர்ந்து மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், பார்க்கிறவர்கள் உடனே வலையால் அள்ளி வேறு தண்ணீரில் விடுவார்கள். நானும் அப்படித்தான். சேர் என் கையைப் பிடித்துவிடுவார். “மீன மாத்தாதீங்க. தண்ணியத் திருத்துங்க. அழுக்கில சாகிற மீனவிட மாத்தத்தில சாகிற மீன்தான் கூட.” கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, மூன்று நாள் மினக்கெடுவார். மீன் தப்பிவிடும். தப்பினாலும் என் மனம் ஒப்பவில்லை. பக்கத்துத் தொட்டியில் நல்ல தண்ணீர் கிடக்க, எதற்கு இதைக் கெட்ட தண்ணீரில் வைத்து வதைப்பது? வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டுதான் வேலை செய்தேன்.

பிறகு சுனாமி வந்தது. அன்று காலை பெரியகல்லாற்றில் நான் கண்டதை எழுதமாட்டேன். அதற்குப் பிறகு கன நாள் கரையோரத்தில் ஒருவரும் மீன் தின்னவில்லை. அதை மட்டும் சொல்லவேண்டும். மீனைப் பிடித்து, மீனைத் தின்று, மீனாலேயே வளர்ந்த சனம். சந்தையில் மீனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது. ஏனென்று கேட்க வேண்டியதில்லை. கடலோடு போன எத்தனையோ பேரின் உடல் கிடைக்கவில்லை.

எங்கள் ஊர்ச் சனத்தைக் கொஞ்சம் உள்ளே, ஒரு வெளியில் தகரக் கொட்டில்கள் அடித்து இருத்தியிருந்தார்கள். அங்கே ஒரு தொண்டு நிறுவனம் பிள்ளைகளுக்கென்று ஒரு மண்டபம் கட்டியது. மண்டபத்தில் ஒரு பெரிய மீன்தொட்டி வைத்தால் பயந்த பிள்ளைகளின் மனதுக்கு நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நிலையத்துக்கு வந்து கேட்டார்கள். “தரலாம், ஒரு மாசம் பொறுங்க” என்று சொல்லிவிட்டு றிஸ்வி சேர் ஏதோ கூட்டத்துக்குக் கொழும்புக்குப் போய்விட்டார். அடுத்த நாளே அந்த நிறுவனத்துப் பொடியன் திரும்பி வந்தான்.

“அண்ணன், வெள்ளிக்கிழமை திறப்புவிழா. கொழும்பில இருந்து ஆக்கள் வாறாங்க. மீன் இல்லாத தொட்டிய எப்பிடிக் காட்டுற? நீங்க மனசு வச்சா நடக்கும்.”

நான் மனசு வைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், சேர் இல்லாத நேரம் நான்தான் பெரிய ஆள் என்ற ஒரு நினைப்பு. பவுசர் வண்டியில் வந்த தண்ணீரை ஒரு நாள் திறந்துவைத்து, குளோரின் மணம் போனதும் ஆறு தங்கமீனும் ஒரு டசின் சின்னக் கப்பி மீனும் விட்டேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். வந்தவர்கள் படம் எடுத்தார்கள். நானும் ஒரு படத்தில் நிற்கிறேன், சிரித்தபடி.

ஐந்தாம் நாள் ஆள் அனுப்பினார்கள். போய்ப் பார்த்தால் எல்லாம் வயிறு மேலே கிடந்தன. தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீராய் வெள்ளைபத்திப் போய் நாறியது. அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்குச் சோறும் பருப்பும் ஊறிக்கிடந்தது. தொட்டிக்குப் பக்கத்தில் பத்து வயது மதிக்கத்தக்க ஒரு பிள்ளை, சட்டையின் முன்பக்கத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றது.

“துஷாதான் மாமா. அவள்தான் ஒவ்வொரு நாளும் சோறு போடுற” என்றது இன்னொரு பிள்ளை.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னால் கத்தினேன். “நீதான் சாகடிச்ச! விளங்குதா? நீ போட்ட சோத்திலதான் மூச்சடைச்சிச் செத்ததுகள்!”

அவள் அழவில்லை. சுருட்டிப் பிடித்திருந்த சட்டையை விட்டாள். அதற்குள்ளிருந்த சோறு காலடியில் விழுந்தது. “அப்ப பசியில சாகல்லயா மாமா?” என்று கேட்டாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. செத்த மீனை வாளியில் அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

சேர் திரும்பிவந்ததும் நடந்ததைச் சொன்னேன், அந்தப் பிள்ளையின் தலையில் பழியைப் போட்டு. அவர் மணிக்கூட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். பக்கத்தில் தண்ணீர் ஒன்றும் இருக்கவில்லை.

“தண்ணிய எத்தின நாள் விட்டீங்க?”

“ஒரு நாள்.”

“அப்ப அந்தப் புள்ள சாகடிக்கல்ல கணேசண்ணன். நீங்கதான். வாங்க, போய் அவவிட்டச் சொல்லுவம்.”

இரண்டு பேரும் முகாமுக்குப் போனோம். மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிற ரீச்சர் பிள்ளையின் விபரம் சொன்னார். தகப்பன் மீன்பிடிகாரன். அவருடைய உடலை அலை வந்த அன்று பின்னேரமே கண்டெடுத்துவிட்டார்கள். நாலு வயதுத் தம்பி கோபுவைக் காணவில்லை. தாயின் பெயர் புஷ்பம். இடிபாடு அள்ளுகிற வேலைக்கு விடிய வெளிக்கிட்டுப் பின்னேரம்தான் வருவாள். பிள்ளை தனக்குத் தருகிற சோற்றை வாயில் வைப்பதில்லை. எல்லாம் தொட்டிக்குள்.

நான் அவளுக்கு முன்னால் குந்தினேன். “நான்தான் மனே பிழை விட்ட. நீ இல்ல” என்றேன். வாழ்க்கையில் நான் மன்னிப்புக் கேட்ட ஆட்கள் குறைவு.

அவள் என்னைப் பார்க்கவில்லை, சேரைப் பார்த்தாள். “கடல் மீனுக்குப் பசிச்சதாலதானே தம்பியத் தின்ன? நான் போடுறன், அதுகளுக்குப் பசிக்கப்படா.”

நான் எழும்பி வாசலில் போய் நின்றேன். நான் விட்ட இடத்தில் சேர் குந்தினார். பிறகு மெல்லச் சொன்னார்: “மகள், நீங்களும் இந்த மாமாவும் புதுசா ஒரு தண்ணி வளப்பீங்களா? அதில மீன் இரிக்காது. கண்ணுக்குத் தெரியாத சீவன்தான் இரிக்கும். அதுகளுக்கும் பசிக்கும். ஆனா ஒரு நுள்ளுத்தான் தின்னும். கூடப் போட்டா வயித்துக்குத்து வரும்.”

“ஒரு நுள்ளு காணுமா?”

“காணும். ஆனா ஒரு ஒப்பந்தம். நீங்க ஒரு பீங்கான் சோறு திண்டுபோட்டுத்தான் அதுகளுக்கு ஒரு நுள்ளு.”

அடுத்த நாள் அவர்களுடைய கொட்டிலின் பின்மூலையில் ஒரு சிறிய கண்ணாடித் தொட்டியை வைத்தேன். மணலை ஏழுதரம் கழுவினோம். எட்டாம்தரம் கழுவச் சொன்னாள், கழுவினேன். தண்ணீரைத் திறந்துவைத்து மணம் பார்க்கக் காட்டிக்கொடுத்தேன். என் மூக்கைவிட அவளுடைய மூக்கு கூர்மை. “எத்தின நாள் மாமா?” என்று கேட்டாள். வெண்கட்டித் துண்டொன்றைக் கையில் கொடுத்து, தொட்டிக்குப் பின்னால் தகரத்தில் நாளுக்கொரு கோடு கீறச் சொன்னேன்.

“முப்பத்தொரு கோடு. முப்பத்தொண்டு கீறினா வந்திடும்.”

இதைத்தான் சொன்னேன். நிலையத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொன்ன அதே சொல்.

கிழமைக்கு இரண்டு தடவை போவேன். சோதனைக் குப்பியில் தண்ணீர் எடுத்து மருந்துத்துளி விடுவேன். பச்சையானால் நஞ்சு, மஞ்சளானால் சுத்தம். முதலில் கடும் பச்சை. பிறகு இளம் பச்சை. அவள் குப்பியை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, “இன்னும் பழுக்கல்ல, உங்களுக்கு அவசரம் மாமா” என்று என்னையே ஏசுவாள். அவளுக்குக் கன்னத்தில் சதை வைக்கத் தொடங்கியிருந்தது. ஒருநாள் ரீச்சர் வந்து, “துஷா இண்டைக்கு ரெண்டாம்தரம் சோறு கேட்டாள் அண்ணன்” என்றார். நான் மோட்டார் சைக்கிளில் பாட்டுப் பாடிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

இருபத்தேழாம் நாள் பின்னேரம் போகும்போது கொட்டிலுக்கு முன்னால் சனம் கூடி நின்றது. உள்ளே ஈரமண், உடைந்த கண்ணாடி, நசிந்த பாசி. புஷ்பம் கையில் விறகுக்கட்டையோடு நின்றாள். அன்று வேலை நேரத்தோடு முடிந்து வந்திருக்கிறாள். தொட்டிக்குப் பின்னால் கோடுகளைக் கண்டு, இதென்ன கணக்கு என்று மகளைக் கேட்டிருக்கிறாள். “முப்பத்தொரு நாள் அம்மா. இன்னும் நாலுதான்” என்று பிள்ளை சொல்லியிருக்கிறது.

“ஆருக்கு முப்பத்தொண்டு எண்ணுற?” என்று என்னைப் பார்த்துக் கத்தினாள் புஷ்பம். “என்ர கோபு எங்கயோ இரிக்கான். ஏதோ ஆசுபத்திரியில இரிக்கான். உன்னட்ட ஆரு கேட்ட, என்ர வீட்டுக்குள்ள வந்து என்ர புள்ளைக்கு நாள் எண்ண?”

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். செத்தவரை வீட்டிலிருந்து வழியனுப்புகிற சடங்கு எங்களுக்கு முப்பத்தோராம் நாள். அது முடிந்தால் முடிந்ததுதான். புருஷனுக்கு அதைச் செய்தவள், மகனுக்கும் செய் என்று வந்த சொந்தக்காரரை விளக்குமாற்றால் அடித்துத் துரத்தியிருக்கிறாள். றிஸ்வி சேர் முஸ்லிம், அவர்களுக்கு நாற்பது. அவருக்கு அது தோன்றாது. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். முப்பத்தொன்றுச் சோறு எத்தனை வீட்டில் தின்றிருப்பேன்! பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுச் சுவரில், அந்தப் பிள்ளையின் அக்காவைக் கொண்டே, முப்பத்தொன்றை எண்ணவைத்தவன் நான். என்ன மடையன் நான்!

துஷா அந்தக் கோடுகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து சோறு இல்லை, பேச்சும் இல்லை. அலையின் சத்தம் கேட்பதுபோல் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தாள். பத்துப் பதினைந்து நாள் போக, புஷ்பமே என்னைத் தேடி வந்தாள். கோபம் ஆறி, கண் குழிந்து போயிருந்தது.

“என்ன செய்யிற அண்ணன்? இந்தப் புள்ளயும் போயிரும் போல கிடக்கு.”

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அல்லது, “பொறுங்க, சேரிட்டக் கேட்டுச் சொல்றன்” என்றிருக்கலாம். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! கெட்ட தண்ணீரில் கிடக்கிற மீனை நல்ல தண்ணீருக்கு மாற்ற வேண்டும். அதுதான் என் மனதில் ஓடியது.

“கடல் தெரியாத இடத்துக்குக் கொண்டுபோய் விடுங்க” என்றேன். “சொந்தக்காரர் ஆரும் உள்ளுக்க இல்லயா?”

வடக்கே வன்னியில், கிளிநொச்சிப் பக்கம், குளத்தோரம் அவளுடைய அக்கா குடும்பம் இருந்தது. அப்போது சண்டை நின்றிருந்தது, பாதையும் திறந்திருந்தது. புஷ்பம் தயங்கினாள். “ஒத்தப் புள்ளய விட்டுப்போட்டு எப்பிடி அண்ணன் இரிக்கிற? கோபு வந்தா, நான் இஞ்ச இரிக்கோணுமே.” நான் விடவில்லை. இரண்டு தடவை போய்ச் சொன்னேன். மூன்றாம் தடவை ஓம் என்றாள்.

அக்காவிடம் கொண்டுபோய் விட்டுவரத் தாயும் வெளிக்கிட்டாள். பஸ் நிலையத்துக்கு நானே பையைத் தூக்கிக்கொண்டு போனேன். பஸ்ஸில் ஏறுமுன், தொட்டி உடைந்த பிறகு முதன்முறையாகத் துஷா வாய் திறந்தாள்.

“நாலு கோடுதான் மிச்சம் மாமா. அங்க போய்க் கீறட்டா?”

“அங்க பெரிய குளம் இரிக்கு மனே. அது எப்பவோ பழுத்த தண்ணி. கோடு தேவையில்ல” என்றேன்.

அவள் தலையாட்டினாள். பஸ் போய்விட்டது.

அடுத்த நாள் சேரிடம் சொன்னேன். அவர் தொட்டிக்கு முன்னால் கதிரையில் இருந்தார். நிமிர்ந்து பார்த்தார். “என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிரிக்கலாம் கணேசண்ணன்” என்றார்.

சில மாதம் கழித்துப் புஷ்பத்துக்குக் கடிதம் வந்தது. பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறாள், பள்ளிக்கூடம் போகிறாள், ஒவ்வொரு நாளும் குளத்துக்கு ஒரு நுள்ளுச் சோறு போடுகிறாள் என்று அக்கா எழுதியிருந்தாள். புஷ்பம் அதை என்னிடம் கொண்டுவந்து காட்டி அழுதாள். சந்தோசத்தில்தான். நான் அந்தச் செய்தியைத் தூக்கிக்கொண்டு சேரிடம் ஓடினேன். “பாத்தீங்களா சேர்? மாத்தினதுதான் சரி.”

“இன்னும் நாள் போகல்ல கணேசண்ணன்” என்றார்.

அடுத்த வருசம் பாதை பூட்டியது. கடிதமும் நின்றது. கிழக்கிலும் சண்டை வந்து, வாவிக்கு மேற்கே படுவான்கரைச் சனம் வாவியைக் கடந்து எங்கள் பக்கம் ஓடிவந்து, பிறகு இங்கே எல்லாம் அடங்கி, சண்டை முழுதும் வன்னிக்குள் போனது. புஷ்பம் ஒவ்வொரு கிழமையும் நிலையத்துக்கு வருவாள். பேப்பரில் வந்த வரைபடத்தை என் மேசையில் விரித்து, “அக்காட ஊர் எதண்ணன்?” என்று கேட்பாள். நான் விரலால் காட்டுவேன். பிறகு அந்த ஊர் விழுந்துவிட்டது என்று செய்தி வரும். அவர்கள் எங்கே போயிருப்பார்கள் என்று கேட்பாள். விரலைக் கொஞ்சம் கடற்பக்கமாக நகர்த்துவேன். ஒவ்வொரு கிழமையும் என் விரல் கடலுக்குக் கிட்டக் கிட்டப் போனது.

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம் எல்லாம் முடிந்தது என்றார்கள். புஷ்பம் துஷாவின் பத்து வயதுப் படத்தோடு வவுனியாவுக்குப் போனாள். வன்னிச் சனத்தை வைத்திருந்த முகாம்களில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினாள். அக்காவைக் கண்டுபிடித்தாள். துஷாவை இல்லை. கடைசி நாட்களில் அந்தச் சனம் முழுவதும் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் ஒரு மணல்திட்டில் கிடந்ததாம். ஒரு விடியற்காலை களப்பைக் கடந்திருக்கிறார்கள்.

“கழுத்தளவு தண்ணியில கையப் பிடிச்சுக்கொண்டுதான் வந்தன்” என்று அக்கா சொன்னாளாம். “கரையேறிப் பாத்தா, நான் பிடிச்சிரிந்தது வேற ஆரோட புள்ளையின்ர கை.”

கடல் தெரியாத இடம் என்றுதானே நான் அனுப்பினேன்?

சேரிடம் போய்ச் சொன்னேன். “நான் அண்டைக்கே சொன்னன்” என்று அவர் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை. மணிக்கூட்டைக் கழற்றினார், திரும்பக் கட்டினார். அடுத்த வருசம் மேற்குக் கரைக்கு மாற்றலாகிப் போனார்.

அவர் போய்க் கொஞ்ச நாளில் புஷ்பம் நிலையத்துக்கு வந்தாள். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

“அண்டைக்கு நான் உடைச்ச தொட்டி போல ஒண்டு வேணும் அண்ணன். மணலும் பாசியும் தாங்க. மீன் வேணாம்.”

எதற்கென்று அவளே சொன்னாள்.

“நான் அத உடைச்சதாலதானே அவள் சாப்பிடாமக் கிடந்த. அதாலதானே அனுப்ப வேண்டி வந்த. எல்லாம் என்ர கையால வந்தது. அவள் வாற நேரம் தண்ணி பழுத்திரிக்கட்டும். வந்த உடன மீன் விடலாம்.”

அப்போது சொல்லியிருக்க வேண்டும். உன் கையால் இல்லை புஷ்பம், என் வாயால். அனுப்பு என்று மூன்றுதரம் வந்து நின்றவன் நான். மாற்றாதே என்று எனக்குச் சொல்லித்தர ஒரு ஆள் இருந்தார், கேட்கவில்லை. நான் சொல்லவில்லை. தொட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு அவளோடு போனேன். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த அந்தச் சின்ன வீட்டின் முன்னறையில், வெயில் படாத மூலையில் வைத்தேன். மணலை எட்டுத்தரம் கழுவினேன்.

ஓய்வுபெற்ற பிறகும் மாதத்துக்கொருமுறை போகிறேன். சொன்ன முறை ஒன்றும் தவறாமல் செய்கிறாள். கிழமைக்குக் கால்வாசித் தண்ணீர். திறந்துவைத்து மணம் போன தண்ணீர். ஒவ்வொரு நாளும் தான் சாப்பிட்டுவிட்டு, ஒரு நுள்ளுத் தீனி. சுவரில் கோடு மட்டும் இல்லை. ஒருதரம் நான் பொறுக்கமாட்டாமல், “ரெண்டு கப்பி விடட்டா புஷ்பம்? தண்ணி நல்லாப் பழுத்துக் கிடக்கு” என்று கேட்டேன். “அவள்தானே விடோணும்” என்றாள்.

துண்டுப்பிரசுரத்தில் ‘ஒரு மாதம்’ என்று எழுதிக் கொடுத்தேன். செங்கலடிப் பிள்ளை திரும்பக் கூப்பிட்டாள். “சேர், சனம் குழம்பும். சரியா எத்தின நாள் எண்டு போடுவமே?” ஏசிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். பாவம், அவள் என்ன செய்தாள்?

நேற்றும் போயிருந்தேன். புஷ்பத்துக்கு இப்போது தலை முழுதும் நரைத்துவிட்டது. கை கழுவிக்கொண்டு வந்து, தீனிப் பேணியைத் திறந்து, விரல் நுனியால் ஒரு நுள்ளு எடுத்து வெறும் தண்ணீரில் தூவினாள். அது மெல்லக் கீழே இறங்கியது. நான் குப்பியில் தண்ணீர் எடுத்து மருந்துத்துளி விட்டு யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தேன். நல்ல மஞ்சள்.

“தண்ணி சரியா அண்ணன்?”

“சரி” என்றேன். இத்தனை வருசத்தில் நான் அவளுக்குச் சொல்கிற உண்மை அது ஒன்றுதான்.